பாஸ்தெத்துக்குக் காணிக்கையான பூனை: கேயர்-ஆண்டர்சன் சிலையின் பிரதி குறித்து ஒரு மதிப்புரை

எகிப்தியப் பழம்பொருள்களின் பிரதிகளை விற்கும் கடை எதுவாயினும், அங்கே முதலில் கண்ணில் படுவது நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஒரு வெண்கலப் பூனைதான். காதுகளிலும் மூக்கிலும் வளையங்களும் மார்பில் பதக்கமும் அணிந்த அந்தப் பூனையின் மூலச் சிலை இலண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எகிப்தியச் சிற்பக் கூடத்தில் இருக்கிறது. கி.மு. 600ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்ததும் 42 சென்டிமீட்டர் உயரமும் 13 சென்டிமீட்டர் அகலமும் உடையதுமான அச்சிலை, மேரி ஸ்டவுட் கேயர்-ஆண்டர்சனுடன் சேர்ந்து அதை அருங்காட்சியகத்துக்கு அளித்த மேஜர் ராபர்ட் கிரென்வில் கேயர்-ஆண்டர்சனின் பெயரால் அழைக்கப்படுகிறது. அதன் பாதி அளவிலான பிரதி ஒன்றை இணையக் கடை ஒன்றின் வழியாக வாங்கினேன். வெண்கலப் பொடி கலந்த ரெசினில் வார்த்து, கறுப்பு மரப்பீடத்தில் பொருத்தி, நான்காக மடித்த ஒரு விளக்கத்தாளுடன் அனுப்பியிருந்தார்கள். இதே வார்ப்பைப் பல விற்பனையாளர்கள் பல பெயர்களில் விற்கிறார்கள் என்பதால் கடையின் பெயர் இங்கே தேவையில்லை. பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிரதி ஒன்றை மதிப்பிடுவதற்கு அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. மூலப்பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ, அந்த நோக்கத்தில் எவ்வளவு பிரதியிலும் தங்கியிருக்கிறது என்பதே என் அளவுகோல். இந்தப் பூனையைப் பார்க்கும் பலரும் இதை ஒரு கோயிலின் கருவறையில் இருந்து வழிபடப்பட்ட தெய்வத் திருவுருவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது போன்ற வெண்கலப் பூனைகளோ தெய்வத்துக்கு அளிக்கப்பட்ட காணிக்கைகள். எகிப்திய வரலாற்றின் பிற்காலப் பகுதியில், அதாவது கி.மு. முதல் ஆயிரமாண்டின் நடுப்பகுதியிலும் அதன் பின்னும், பாஸ்தெத் என்னும் தேவியின் கோயில்களுக்கு யாத்திரை சென்றவர்கள் தங்கள் வசதிக்கு ஏற்ப இத்தகைய உருவங்களைச் செலுத்தினார்கள். சிலவற்றின் பீடத்தில் கொடுத்தவரின் பெயரும், இன்னாருக்குப் பாஸ்தெத் வாழ்வளிப்பாளாக என்ற வேண்டுதலும் பொறிக்கப்பட்டிருக்கும். சில உருவங்களின் உள்வெளியில் பதப்படுத்தப்பட்ட பூனையின் உடலே வைக்கப்பட்டிருந்தது. கோயிலில் காணிக்கைகள் சேர்ந்து இடம் போதாமல் போனபோது குருமார்கள் அவற்றைக் கோயில் நிலத்திலேயே புதைத்து வைத்தார்கள். தெய்வத்துக்கு உரியதாகிவிட்ட பொருளை உருக்கவோ விற்கவோ அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் நாம் காணும் வெண்கலப் பூனைகளில் பல அந்தக் குழிகளிலிருந்து வந்தவையே. ஆகவே இந்த உருவத்தை யாரோ ஒருவர், ஏதோ ஒரு வேண்டுதலோடு கைகளில் ஏந்திச் சென்றிருக்கிறார் என்ற நினைவு அதைப் பார்ப்பவருக்கு எழ வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பைப் பிரதியின் உடலமைப்பு பெருமளவு நிறைவேற்றுகிறது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மலிவான பிரதிகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். எகிப்தியர் கண்ட பூனை நாம் வீட்டில் பார்க்கும் உருண்டை முகத்துப் பூனையைக் காட்டிலும் ஒல்லியானது, கால்கள் நீண்டது. வட ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் சாயல் அதில் மிகுதி. நெபாமுன் என்னும் அதிகாரியின் கல்லறை ஓவியத்தில், நாணல் புதரிடையே ஒரே பாய்ச்சலில் பறவைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் பூனையைப் பார்த்தவர்களுக்கு அந்த உடலின் முறுக்கு தெரியும். அமர்ந்திருக்கும் இந்த வெண்கலப் பூனையிலும் அதே முறுக்கு அடங்கிக் கிடக்கிறது: முன்கால்கள் நேராக ஊன்றியிருக்கின்றன, தோள்பட்டைக்குக் கீழே தசை மெல்லப் புடைத்திருக்கிறது, வால் உடலின் வலப்புறமாக வளைந்து பாதங்களை ஒட்டி வந்து முடிகிறது, காதுகள் ஏதோ ஓசையைக் கேட்டவை போல விறைத்து நிற்கின்றன. பிரதியைச் செய்தவர்கள் இந்த விகிதங்களைச் சிதைக்காமல் சுருக்கியிருக்கிறார்கள். பின்புறமிருந்து பார்த்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை இறங்கும் கோடு ஓரிடத்திலும் தளரவில்லை. பக்கவாட்டிலிருந்து விளக்கொளி விழும்போது இது நன்றாகத் தெரிகிறது.

முகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாஸ்தெத்தின் கதை முழுவதும் அந்த முகத்தின் அமைதியில் அடங்கியிருக்கிறது. பாஸ்தெத் தொடக்கத்தில் பூனை அல்லள். மிகப் பழைய சித்திரிப்புகளில் அவள் பெண்சிங்கத் தலை கொண்ட தேவி, மன்னனைக் காப்பவள். கிசாவில் காஃப்ரே மன்னர் கட்டிய பள்ளத்தாக்குக் கோயிலின் வாயில் கல்வெட்டில், ஹத்தோர் தேவியின் பெயரோடு பாஸ்தெத்தின் பெயரும் காணப்படுகிறது; பிரமிடுகள் எழுந்த அந்தக் காலத்தில் அவளிடம் வேண்டப்பட்டது சிங்கத்தின் வலிமையே. வீட்டுப்பூனையின் உருவம் அவளுக்கு உறுதியாக அமைந்தது ஆயிரமாண்டுகளுக்கும் மேல் கடந்த பின்னர்தான்.

இந்த மாற்றத்தை எகிப்தியர் ஒரு கதையாகவும் சொன்னார்கள். சூரியக் கடவுளான ராவின் கண் என்று கருதப்பட்ட தேவி, தந்தையோடு பிணங்கித் தெற்கே நூபியாவின் பாலைநிலத்துக்குப் போய்விடுகிறாள். அவளை அழைத்து வருவதற்காக அறிவின் கடவுளான தோத் குரங்கு உருவில் செல்கிறார். கதைகள் பல சொல்லி அவள் மனத்தைக் கரைக்கிறார். மக்கள் எழுத்து என்னும் பிற்கால எகிப்திய எழுத்தில் கிடைக்கும் இக்கதையில் தேவி பூனையாக இருக்கிறாள்; சினம் மூளும்போது சிங்கமாகிவிடுகிறாள். சினத்தில் அவள் செக்மெத், மனம் குளிர்ந்தால் பாஸ்தெத் என்று பிலே கோயில் வாசகம் ஒன்று பாடுகிறது. செக்மெத்தோ மனித குலத்தையே அழிக்கப் புறப்பட்டவள். செந்நிறம் ஏற்றிய பீரை இரத்தம் என்று எண்ணிப் பருகி மயங்கியதால்தான் அவள் கொலை நின்றது. அந்தச் சினத்தை அறிந்த ஒருவர் பாஸ்தெத்தின் முன் பூனையைக் கொண்டுபோய் வைக்கும்போது, தணிந்த நிலையிலேயே நீ இரு, எங்களை அந்த முகத்தோடு பார் என்று வேண்டுகிறார். மூலச் சிலையின் முகத்தில் கனிவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை, தணிவு இருக்கிறது. உதட்டோரம் இறுகியிருக்கிறது, கன்னம் ஒட்டியிருக்கிறது, பார்வை எதிரில் நிற்பவரைக் கடந்து போகிறது. பிரதியில் இந்த இறுக்கம் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பதே நான் இதை வைத்துக்கொள்ள முடிவு செய்ததற்கு முதற்காரணம். வேறு சில பிரதிகளில் உதட்டைச் சற்றே மேலே வளைத்துப் புன்னகை போலச் செய்துவிடுகிறார்கள். அந்த ஒரு வளைவு தேவியை அழித்துவிடுகிறது.

மூலத்தின் கண்குழிகளில் ஒரு காலத்தில் கல்லோ கண்ணாடியோ பதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று அவை வெறுமையாக உள்ளன. பச்சை மணிகளை ஒட்டிக் கவர்ச்சி காட்ட முயலாமல், இன்றைய நிலையிலேயே கண்களை விட்டிருப்பதும் பாராட்டத்தக்கது.

அணிகலன்களுக்கு வரும்போது என் பாராட்டு குறைகிறது. மூலத்தில் காதணிகளும் மூக்கணியும் மட்டுமே பொன்; அவையும் சிலையோடு முதலிலிருந்தே இருந்தவையா என்பதில் ஐயம் உண்டு. மார்பில் தொங்கும் வெஜாத் கண் வெள்ளியால் ஆனது. சேத் என்னும் கடவுளால் சிதைக்கப்பட்டுப் பின்னர் முழுமை பெற்ற ஹோரஸின் கண் அது. குறையின்றி இருத்தல், காக்கப்படுதல் என்பவையே அதன் பொருள். பிரதியிலோ காதணி, மூக்கணி, பதக்கம், கழுத்துப்பட்டை, தலையில் உள்ள வண்டு, மார்பில் உள்ள வண்டு ஆகிய அனைத்தின்மீதும் ஒரே மஞ்சள் பொன்வண்ணத்தைப் பூசியிருக்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் தத்தம் நிறத்தோடு அருகருகே அமையும்போது கிடைக்கும் அடக்கமான அழகு இதனால் போய்விட்டது. எகிப்தியருக்குப் பொன்பூசிய பூனைகள் தெரியாதவை என்று நான் சொல்ல வரவில்லை. 2018 நவம்பரில் சக்காராவில் பூனைகளின் புதைகுழிப் பகுதியில் நடந்த அகழாய்வில் பல பத்துப் பூனை மம்மிகளோடு, பொன்முலாம் பூசிய 100 மரப்பூனைகளும் வெண்கலத்தால் ஆன ஒரு பாஸ்தெத் உருவமும் கிடைத்ததாக எகிப்தின் தொல்பொருள் அமைச்சகம் அறிவித்தது. பொன்பூச்சு அவர்களுடைய மரபில் உண்டு. ஆனால் இந்தச் சிலை அந்த வகையைச் சேர்ந்தது அன்று. காதணி அணிந்த பூனையும் கற்பனை அன்று. தேர் எல்-மெதினாவில் இபுய் என்னும் சிற்பியின் கல்லறை ஓவியத்தில், நாற்காலியின் கீழ் அமர்ந்திருக்கும் பூனையின் காதில் வெள்ளி வளையம் தீட்டப்பட்டிருக்கிறது.

மார்பில் உள்ள சிறகு விரித்த வண்டின்மீது பூசிய வண்ணம் சற்றுக் கனமாக விழுந்து, சிறகின் கீற்றுகளை நிரப்பிவிட்டது. இதைச் சிறு குறையாகக் கருத எனக்கு மனமில்லை. சாணவண்டு எகிப்தியருக்குக் காலைச் சூரியன்; கெப்ரி என்னும் பெயரில் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறக்கும் கதிரவன். அதைப் பூனையின் தலையிலும் மார்பிலும் பொறித்ததற்குக் காரணம் உண்டு, ஏனென்றால் எகிப்தியச் சமயத்தில் பூனை சூரியனுக்கு உரியது. இறந்தோர் நூலின் 17ஆம் மந்திரத்தில் ஹீலியோபோலிஸ் நகரின் புனித மரத்தடியில் பெரும்பூனை ஒன்று பகைவரை அழிக்கிறது. அந்தப் பூனை ராவே என்று மந்திரம் விளக்குகிறது. இன்ஹெர்க்கா என்னும் பணித்தலைவரின் கல்லறைச் சுவரில் அக்காட்சியை வரைந்த ஓவியர், பூனையின் கையில் கத்தியைக் கொடுத்து, இரவெல்லாம் சூரியப் படகை வழிமறிக்கும் அப்பெப் என்னும் பாம்பின் கழுத்தை அது அறுப்பதாகக் காட்டியிருக்கிறார். வீட்டின் மூலையில் பாம்பையும் தேளையும் எதிர்கொள்ளும் விலங்கு அண்டத்தின் பாம்பையும் எதிர்கொள்ளும் என்று எண்ணியதில் அந்த மக்களின் வாழ்க்கை அனுபவம் இருக்கிறது. பாம்பைக் கொல்லும் வேகத்துக்காக மாஃப்தெத் என்னும் பூனையினத் தேவியை முதல் அரசகுலக் காலத்திலேயே அவர்கள் போற்றினார்கள். இவ்வளவும் அந்தச் சிறு வண்டின் பின்னால் நிற்கின்றன. சிறகு மங்கிப்போனால் அதுவும் மங்குகிறது.

மேற்பரப்பைப் பற்றிய என் கருத்து இருவகைப்பட்டது. மூலம் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டது: மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலைச் சிற்பிகளின் பட்டறையைப் பார்த்திருக்கும் நம்மவர்களுக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை. அங்கே திருமேனிகள் கெட்டியாக வார்க்கப்படுகின்றன, இந்தப் பூனையோ உள்ளீடற்றது என்பதே வேறுபாடு. உள்கருவைத் தாங்கிப் பிடித்த ஊசிகளின் எச்சம் எக்ஸ்-கதிர்ப் படங்களில் இன்றும் தெரிகிறது. உலோகக் கலவையில் 85 விழுக்காடு செம்பும் 13 விழுக்காடு வெள்ளீயமும் 2 விழுக்காடு ஆர்சனிக்கும் சிறிதளவு காரீயமும் உள்ளன. வாலில் மட்டும் வேறு கலவை உலோகத்தைச் சேர்த்துப் பட்டைகளை உண்டாக்கியிருக்கிறார்கள். பூனையின் வாலில் இயற்கையாக இருக்கும் வளையங்களை உலோகத்தின் நிற வேறுபாட்டாலேயே காட்டிய அந்தக் கைத்திறன்தான் இச்சிலையின் மிக நுட்பமான பகுதி என்று நான் கருதுகிறேன். பிரதியின் வாலில் அந்தப் பட்டைகளே இல்லை. வண்ணத்தாலாவது லேசாகக் காட்டியிருக்கலாம். மார்பில் பொன்வண்ணத்தைத் தாராளமாகச் செலவழித்தவர்களுக்கு அது இயலாத செயல் அன்று.

மூலத்தின் உடலைச் சுற்றிலும் மயிரிழை விரிசல்கள் ஓடுவதையும், உள்ளே பொருத்தப்பட்ட தாங்கிகளே தலையைக் கீழே விழாமல் பிடித்திருப்பதையும் எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது. பழம்பொருள்களைச் சீரமைப்பதில் ஆர்வம் மிகுந்த கேயர்-ஆண்டர்சன் 1930களில் தம் கையாலேயே அந்தப் பழுதுகளைச் சரிசெய்திருந்தார். வெளியே வழுவழுப்பாகத் தெரியும் சிலையின் உள்ளே இத்தனை காயங்கள். பிரதியில் விரிசல்களைப் பொறிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆயினும் பச்சை கலந்த கருமை நிறத்தை ஒரே சீராகத் தெளிக்காமல் காதுமடலிலும் கால்மடிப்பிலும் அடர்த்தியை மாற்றியிருந்தால், மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த உலோகத்தின் தோற்றம் கொஞ்சமாவது வந்திருக்கும். தொலைவிலிருந்து பார்க்கையில் நிறம் நன்றாகவே இருக்கிறது. கையில் எடுத்தால் வண்ணப்பூச்சு என்பது உடனே புலப்படுகிறது.

எனக்கு உண்மையான மனக்குறை விளக்கத்தாளைப் பற்றியது. ஒரு பிரதியை வாங்குபவர் எகிப்தியச் சமயத்தைப் பற்றி வாழ்நாளில் படிக்கும் ஒரே தாள் அதுவாக இருக்கக்கூடும். ஆகவே அதில் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு வேண்டும். இந்தத் தாள் பாஸ்தெத்தை நிலாத் தேவி என்கிறது, சிலையை வீட்டின் வடகிழக்கில் வைத்தால் அதிர்ஷ்டம் பெருகும் என்கிறது, எகிப்தியர் எல்லாப் பூனைகளையும் கடவுளாக வணங்கினர் என்கிறது, பூனை ஒருபோதும் கொல்லப்பட்டதில்லை என்கிறது. வடகிழக்கு எந்த எகிப்திய நூலிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. மற்றவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

நிலவோடு பாஸ்தெத் சேர்ந்தது கிரேக்கர் வழியாக. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ் அவளைத் தம் நாட்டு ஆர்ட்டெமிஸோடு, அதாவது நிலவோடும் தொடர்புபடுத்தப்பட்ட வேட்டைத் தேவியோடு, ஒன்றாக்கினார். நிலவின் தொடர்பு அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. எகிப்தியரின் பாஸ்தெத் ராவின் மகள், வெயிலின் தேவி.

பூனைகள் கொல்லப்பட்டதில்லை என்ற கூற்று இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது, ஏனென்றால் அதன் ஒரு பாதி உண்மை. வீட்டுப்பூனை இறந்தால் அவ்வீட்டார் புருவங்களை மழித்துத் துக்கம் காத்தனர் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. 60ஐ ஒட்டி எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ், தற்செயலாகப் பூனையைக் கொன்றுவிட்ட ஓர் உரோமானியரின் வீட்டை மக்கள் கூட்டம் சூழ்ந்ததையும், உரோமைப் பகைத்துக்கொள்ள அஞ்சிய மன்னரின் அதிகாரிகள் வந்து வேண்டியும் அவர் உயிர் தப்பவில்லை என்பதையும் தாமே கண்டதாகப் பதிவு செய்திருக்கிறார். அதே காலத்தை ஒட்டித்தான் கோயில்களைச் சார்ந்து பூனைகள் பெருமளவில் வளர்க்கப்பட்டன, இளமையிலேயே கொல்லப்பட்டன, பதப்படுத்தித் துணி சுற்றப்பட்டன, யாத்திரிகர்களுக்கு விற்கப்பட்டன. மம்மிகளை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்தபோது அவற்றில் பல சில மாதக் குட்டிகள் என்பதும் ஓராண்டு நிரம்பாதவை என்பதும், சிலவற்றின் கழுத்து முறிக்கப்பட்டிருப்பதும் தெரியவந்தன. வீட்டில் ஒன்றின் இறப்புக்குப் புருவம் மழித்த மக்களே கோயிலில் மற்றொன்றின் மம்மியை வாங்கிச் செலுத்தினார்கள். இதை முரண்பாடு என்று தள்ளிவிடுவது எளிது. காணிக்கைப் பூனை அவர்கள் எண்ணத்தில் தேவியிடம் செய்தி கொண்டு செல்லும் உயிர். அதன் இறப்பு ஓர் அனுப்புதல். அந்த எண்ணத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை, ஆனால் அதை மறைத்துவிட்டுப் பூனைகளின் பொற்காலம் என்று எழுதுவது அந்த மக்களுக்கும் அந்தப் பூனைகளுக்கும் செய்யும் அநீதி.

அந்தப் பூனைகளுக்கு நேர்ந்த இரண்டாவது கொடுமை நம் காலத்துக்கு மிக அருகில் நிகழ்ந்தது. பாக்கெத் என்னும் சிங்கத் தேவிக்கு உரிய பெனி ஹசன் பகுதியில் 1888இல் மாபெரும் பூனைக் கல்லறை ஒன்று தற்செயலாக வெளிப்பட்டது. அங்கிருந்து எடுக்கப்பட்ட ஏறக்குறைய 1,80,000 மம்மிகள், சுமார் 19 டன் எடை, 1890இல் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கப்பலில் கொண்டு செல்லப்பட்டு ஏலம் விடப்பட்டன. அரைத்து வயலுக்கு உரமாக இட்டார்கள். இந்தச் செய்திக்கு அந்தத் தாளில் இரண்டு வரி ஒதுக்கியிருந்தால், அதிர்ஷ்டத்தைப் பற்றிய பத்தியைக் காட்டிலும் வாங்குபவர் மனத்தில் நின்றிருக்கும்.

எல்லாப் பூனையும் தெய்வமாக வணங்கப்பட்டது என்பதும் சரியன்று. பூனை தேவியின் சாயலைத் தாங்கிய விலங்கு; அதற்காக மதிக்கப்பட்டது. அதற்கு வெளியே, வெறும் அன்புக்காகவே வளர்க்கப்பட்ட பூனைகளும் இருந்தன. மூன்றாம் அமென்ஹோதெப்பின் மகனான இளவரசர் துத்மோஸ் தம் பூனைக்குச் சுண்ணாம்புக்கல்லில் ஈமப்பேழை செய்து, படையல் மேசைக்கு முன் அது அமர்ந்திருப்பதாகச் செதுக்குவித்தார். செங்கடற்கரையில் உள்ள பெரெனிகே துறைமுகத்தில் கி.பி. முதலிரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்குக் கல்லறை ஒன்று அகழப்பட்டது. அங்கே புதைக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை பூனைகள். அவை மம்மிகள் அல்ல, காணிக்கைகளும் அல்ல. சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டையோ மணிகளோ இருந்தன. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் இந்திய மிளகும் கிடைத்த அதே துறைமுகம் அது. நம் வணிகர்கள் இறங்கி நடந்த தெருக்களில் அந்தப் பூனைகளும் திரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

தாளில் அடியோடு விடுபட்டது புபாஸ்டிஸ். நைல் கழிமுகத்தில், இன்றைய சகாசிக் நகரை அடுத்த தெல் பாஸ்தாவில் இருந்த பாஸ்தெத்தின் திருநகரம் அது. முதலாம் ஷெஷோங்க் தொடங்கிய 22ஆம் அரசகுலக் காலத்தில் அந்நகரின் செல்வாக்கு உச்சத்தை எட்டியது. இரண்டாம் ஒசோர்க்கோன் அங்கே செந்நிறக் கருங்கல்லில் விழா மண்டபம் எழுப்பினார். 1887 முதல் 1889 வரை எடுவார் நவீல் அதன் இடிபாடுகளை அகழ்ந்தார். பெரிய கோயில்களும் செலவு மிகுந்த கோயில்களும் வேறு உண்டு, கண்ணுக்கு இதைவிட இனிய கோயில் இல்லை என்ற பொருளில் ஹெரோடோட்டஸ் இதைப் புகழ்கிறார்: இருபுறமும் நூறு அடி அகலக் கால்வாய்கள், அவற்றின் மேல் மர நிழல், சுற்றியுள்ள நகரம் மண்ணிட்டு உயர்த்தப்பட்டதால் எத்திசையிலிருந்தும் கீழே தெரியும் கோயில். ஆண்டு விழாவுக்கு ஆணும் பெண்ணுமாகப் படகுகளில் வருவார்கள். பெண்கள் கைக்கிலுக்கிகளை ஆட்டுவார்கள், ஆண்கள் குழலூதுவார்கள், மற்றவர்கள் பாடிக் கைதட்டுவார்கள். வழியில் ஊர் வரும்போதெல்லாம் படகைக் கரையோரம் ஒதுக்கி ஆடுவார்கள். குழந்தைகளைச் சேர்க்காமலே 7,00,000 பேர் கூடுவதாக அவ்வூரார் சொன்னார்கள் என்றும், ஆண்டு முழுவதும் குடிப்பதைக் காட்டிலும் மிகுதியான மது அவ்விழாவில் செலவாகும் என்றும் அவர் எழுதுகிறார். தொகை மிகையாகவே இருக்கட்டும். அந்த மகிழ்ச்சி மிகை அன்று. தணிந்த தேவியைத் தணிந்தே இருக்கச் செய்யும் களிப்பு அது. இதை அறியாமல் இந்தப் பூனையின் இறுகிய முகத்தை மட்டும் பார்ப்பவர், பாஸ்தெத் வழிபாட்டை ஏதோ கடுமையான நோன்பு என்று நினைத்துவிடக்கூடும்.

அந்தக் களிப்பைக் காட்டும் உருவம் வேண்டுவோருக்கு இதே கடையில் இருக்கும் மற்றொரு பிரதியைப் பரிந்துரைப்பேன். பூனைத்தலையும் பெண்ணுடலும் கொண்ட சிறிய பாஸ்தெத் அது. பிற்கால வெண்கல உருவங்களில் மிகுதியாகக் காணப்படும் வடிவம்: ஒரு கையில் கிலுக்கி, மறு கையில் பெண்சிங்கத் தலை பொறித்த மார்புக்காப்பு, முழங்கையில் கூடை, காலடியில் குட்டிகள். இசையும் தாய்மையும் பழைய சிங்கமும் அவளிடம் ஒருங்கே உள்ளன. கலையழகில் அது கேயர்-ஆண்டர்சன் பூனைக்கு நிகராகாது. அந்தச் சமயத்தைப் புரிந்துகொள்ள அது அதிகம் உதவும்.

இனி நடைமுறைச் செய்திகள். பொதி நன்றாக இருந்தது. காதுகளைச் சுற்றித் தனியாகப் பஞ்சு வைத்திருந்தார்கள், உடையக்கூடிய இடம் எது என்பதை அறிந்தவர்களின் வேலை அது. எடை ஒரு கிலோவை ஒட்டி இருப்பதால் மேசையில் உறுதியாக நிற்கிறது. பீடத்தின் அடியில் மென்துணி ஒட்டியிருக்கிறது. முன்கால்களுக்கு இடையே அச்சின் பொருத்துக்கோடு கூர்ந்து பார்த்தால் தெரிகிறது. காதணிகள் பித்தளையில் தனியாகச் செய்து கோக்கப்பட்டவை; கழற்ற முடியும் என்பதால், பொன்வண்ணம் பிடிக்காதவர்கள் வெள்ளி நிற வளையங்களை மாட்டிக்கொள்ளலாம். பூச்சு ஈரத்தைத் தாங்காது, உலர்ந்த மென்தூரிகையே போதும். குழந்தைகள் அடிக்கடி கையில் எடுத்தால் காதுநுனியில் வண்ணம் முதலில் உதிரும்.

விலை 7,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உடலமைப்புக்கும் முகத்துக்கும் அந்தத் தொகை தகும், வண்ணத்துக்குத் தகாது. பொன்பூச்சு இல்லாமல் ஒரே கருமையில் வரும் மற்றொரு வகையையும் அதே கடை சற்றுக் குறைந்த விலைக்கு விற்கிறது, சிறகின் கீற்றுகள் அதில் தெளிவாக இருக்கின்றன. புதிதாக வாங்குவோர் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. விளக்கத்தாளில் உள்ள பிழைகளைக் குறித்துக் கடைக்கு விரிவாக எழுதியிருக்கிறேன். அடுத்த அச்சில் அதிர்ஷ்டப் பத்தியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் புபாஸ்டிஸ் விழாவைப் பற்றி எழுதும்படி கேட்டிருக்கிறேன்.